கோட்டைமேட்டுக்கு ஒரு பலகை கேட்டேன்: பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம் கடற்கரையின் பழஞ்சின்னங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. அகழாய்வுக் குழிகள் மூடப்பட்டுவிட்டதால் பொதுமக்கள் பார்வையிட ஏதுமில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.’

அழகன்குளத்தில் அகழாய்வு நடந்த கோட்டைமேட்டில் ஒரு பலகை வைக்கச் சொல்லி நான் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்த மனுவுக்கு என் கைபேசிக்கு வந்த பதில் இவ்வளவுதான். முதல் வரியும் கடைசி வரியும் எல்லா மனுவுக்கும் போகிறவை என்று தெரியும், அதில் வருத்தமில்லை. நடுவரியைத்தான் விழுங்க முடியவில்லை. பார்க்க ஏதுமில்லை என்று நீங்கள் சொல்லும் இடத்தில் ஒரு பகல் முழுக்க நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன பார்த்தேன் என்பதை இந்தத் தடவை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் பெரியபட்டினத்துக்காரி. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சின்னப் பிள்ளையில் நாங்கள் பாண்டி ஆடத் தெருவில் சில்லுப் பொறுக்குவோம். அதில் பச்சையாகப் பளபளக்கும் ஓடு கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவள்தான் ராணி. மண் ஓடு மாதிரி இல்லாமல் அது வழுக்கிக்கொண்டு போய்க் கட்டத்துக்குள் சரியாக நிற்கும். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் எங்கள் ஊரில் அகழாய்வு செய்ததும், 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனத்துப் பச்சைப் பீங்கான் துண்டுகள் கிடைத்ததும் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. நாங்கள் ஆடிய சில்லு அத்தனையும் சீனத்திலிருந்து கப்பலில் வந்தது என்று சொல்லவில்லை. டீக்கடைக் குவளை உடைந்ததும் அதில் கலந்திருக்கும். ஆனால் எது எது என்று பார்த்துச் சொல்ல இப்போது ஒன்றும் கையில் இல்லை. ஆட்டம் முடிந்ததும் எறிந்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போவோம். தெரியாமல் தொலைத்தவர்களில் நானும் ஒருத்தி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தொல்லிடத்தைப் பற்றி எழுதி வரச் சொன்னார்கள். சொந்த மாவட்டத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாதிப் பேர் கீழடியை எழுதினார்கள். கீழடி சிவகங்கை மாவட்டம் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. 2023இல் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். போனால் பார்க்கலாம், படம் எடுக்கலாம், பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். நானும் போயிருக்கிறேன், வாயடைத்துப் போய்த்தான் வந்தேன். கீழடிப் பக்கம் ஓடும் அதே வைகை கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அழகன்குளம் இருக்கிறது. கீழடிக்குப் பல வருடம் முன்பே, 1986இல் தொடங்கிப் பல கட்டமாக அங்கே தோண்டியிருக்கிறார்கள். கடைசியாக 2016, 17இல். ரோமானியர் நாட்டு மதுச்சாடியின் உடைசல், 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் காசு, கங்கைச் சமவெளியின் கறுப்புப் பளபளப்பு ஓடு, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கீறிய ஓடுகள், பாய்மரக் கப்பல் கீறிய ஓர் ஓடு என்று அங்கே கிடைத்தவற்றை நூலகத்தில் படித்தேன். சங்கப் பாடல்கள் சொல்லும் மருங்கூர்ப்பட்டினம் இதுதான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் வரும் ஊர் அது. இருபது வயதாகியும் ஒரு நாள்கூட நான் அங்கே போனதில்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். உம்மா எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்தார்.

முதலில் ராமநாதபுரம். நம் ஊர்க்காரர்களுக்கு ‘அரண்மனை’ என்றால் பஸ் நிற்கும் இடம். துணி எடுக்க, நகை அடகு வைக்க, செருப்புத் தைக்க எல்லாவற்றுக்கும் ‘அரண்மனைக்குப் போயிட்டு வர்றேன்’ என்றுதான் சொல்வோம். அந்தச் சனிக்கிழமையும் ஆட்டோவும் தள்ளுவண்டியும் கட்டைப்பையோடு நிற்கும் பெண்களுமாக, காலை வைக்க இடமில்லை. ஹாரன் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. அதே தெருவிலிருந்து ராமலிங்க விலாசத்துக்குள் நுழைந்தால் சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறது. ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்து மண்டபம். சுவரிலும் விதானத்திலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஓவியங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை ஒரு பக்கம், தொப்பி போட்ட ஐரோப்பியர்கள் சேதுபதியைப் பார்க்க வந்து நிற்பது ஒரு பக்கம். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன். நான் இருந்த நேரத்தில் என்னைத் தவிர ஒரு வயதான கணவன் மனைவிதான் பார்க்க வந்தார்கள், அவர்களும் வெளியூர். வெளியே இருந்த ஆயிரம் பேரில் ஒருவருக்காவது உள்ளே இப்படி ஒன்று இருப்பது தெரியுமா என்று யோசித்தேன். போன மாதம்வரை எனக்கே தெரியாது. அந்த வாசலைத் தாண்டித்தான் பிளஸ் டூ டியூஷனுக்குப் போய் வந்திருக்கிறேன்.

அரண்மனையைப் பற்றி உங்களிடம் பெரிய புகார் இல்லை. அது நிற்கிறது, உள்ளே போனால் பார்க்க முடிகிறது.

பிறகு பேருந்து நிலையம். வெளி மாநில வேன்கள் வரிசையாக ராமேசுவரம் போய்க்கொண்டிருந்தன. 2025இல் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து பாலம் பார்க்கும் கூட்டமும் சேர்ந்துகொண்டது. இந்த ஊர் எல்லோருக்கும் போகிற வழி. நேரக்காப்பாளரிடம் அழகன்குளம் பஸ் எப்போது என்று கேட்டேன். “பனைக்குளம் வண்டி வரும். அழகன்குளத்துல யாரு வீட்டுக்கு?” என்றார். யார் வீட்டுக்கும் இல்லை, பழைய ஊரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். “பழைய ஊருன்னு தனியா ஒண்ணும் கிடையாதும்மா. ஒரே ஊருதான்” என்றார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே வழி சொல்லத்தான் பார்த்தார். நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அவரும் அதையே கேட்டார். யாரு வீட்டுக்கு? இறங்கிய இடத்தில் சர்பத் கடைக்காரரும் கேட்டார். அன்றைக்கு மட்டும் நான்கு பேர் என்னிடம் கேட்ட கேள்வி இது. உலக வாணிபத்தில் இருந்த ஒரு துறைமுகத்துக்குப் போகிறவளிடம் கேட்க அவர்களுக்கு வேறு கேள்வி இல்லாமல் போனது அவர்கள் குற்றமா, சொல்லுங்கள்.

கோட்டைமேடு என்று அந்த மேட்டுக்குப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரித்துப் போனேன். மேடு என்றால் மலை மாதிரி எண்ணிக்கொள்ள வேண்டாம், நடக்கும்போது மூச்சுக்கூட வாங்காது. சீமைக் கருவேல மரம், தென்னை, இடையிடையே வீடுகள். சர்பத் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், நான் விசாரிப்பதைக் கேட்டு எழுந்து வந்தார். வாலிப வயதில் வத்தையில், அதாவது மீன்பிடிப் படகில், தொழிலுக்குப் போனவர். கடலுக்குப் போகாத நாள்களில் அந்தத் தோண்டலில் கூடை சுமந்திருக்கிறார்.

“இந்தா, இந்த மரத்துக்கு அங்கிட்டு ஒரு குழி. அந்த வேலிக்கு உள்ளாற ஒண்ணு. கயிறு கட்டி, கரண்டியால சுரண்டிச் சுரண்டி எடுப்பாக. வேகமாத் தோண்டுனா வைவாக” என்று கையைக் காட்டிக்கொண்டே நடந்தார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் ஆட்டுப் புழுக்கையும் கருவேல நெற்றும்தான் கிடந்தன. அன்றைக்கு நான் சுற்றியவரையில் ஒரு பலகையோ, ஒரு கல்லோ, ஓர் அம்புக்குறியோ என் கண்ணில் படவில்லை. அந்தப் பெரியவர் பெஞ்சில் இல்லாமல் போயிருந்தால் நான் எலுமிச்சம்பழச் சோற்றைத் தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியிருப்பேன்.

“கப்பல் போட்ட ஓடு கிடைச்சுச்சுன்னு பேசிக்கிட்டாக. நான் பாத்ததில்ல. எல்லாத்தையும் பொட்டியில கட்டிக் கொண்டுபோயிட்டாக. போட்டாவுலயாச்சும் காட்டுவாகன்னு இருந்தேன்.”

நூலகத்துப் புத்தகத்திலிருந்து நான் கைபேசியில் எடுத்து வைத்திருந்த கோட்டுப்படத்தைக் காட்டினேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. கைபேசியை எட்டப் பிடித்துப் பார்த்தார், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். பிறகு விரலால் அந்தக் கோடுகளின் மேல் போய், “கயிறு கட்டியிருக்கிறது சரியாத்தான் இருக்கு. கடலுக்குப் போன ஆளுதான் இதைக் கீறியிருக்கணும்” என்றார். இப்படி ஒரு வரியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கூடை சுமந்தவருக்கு அந்தப் படத்தைக் காட்ட, அந்தத் தோண்டலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு மாணவி வர வேண்டியிருந்தது.

இனிச் சொல்லப் போவதுதான் என் மனுவின் இரண்டாம் பக்கம். அதை யாராவது படித்தீர்களா என்பதே என் சந்தேகம்.

மேட்டின் ஓரத்தில் ஒரு புது வீட்டுக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிப் போட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம். கொத்தனாரும் சித்தாளும் தென்னை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டிப் பார்த்துவிட்டு அனுமதி கேட்டு உள்ளே இறங்கினேன். மேலே இரண்டு சாண் உயரத்துக்கு வெறும் மணல். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் இறுகிய மண். அந்த மண் முழுக்க ஓடு. நட்டுக்கொண்டு, படுத்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, மண்வெட்டி வெட்டிய இடத்தில் பாதி வெளியேயும் பாதி உள்ளேயும் ஓடுகள். உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாக ஒன்று. சங்குத் துண்டு ஒன்று. குழியின் அடியில் உதிர்ந்து கிடந்த ஒன்றை எடுத்துச் சுடிதார் துப்பட்டாவில் துடைத்தேன். மெல்லிசாக, சாம்பல் நிறமாக இருந்தது. அதன் உள்பக்கத்தில் வட்டம் வட்டமாகச் சின்னஞ்சிறு புள்ளிகள், எறும்பு வரிசை போவதுபோல. சக்கரத்தை உருட்டிப் பதிக்கும் அந்த அலங்காரத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அதேதான் இது என்று அடித்துச் சொல்ல நான் ஆளில்லை. சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான்.

கொத்தனாரிடம் காட்டினேன். “இங்க எங்க தோண்டினாலும் இதுதாம்மா வரும். வாரி பேஸ்மட்டத்துக்குள்ள தட்டிருவோம், நல்லா இறுகும்” என்றார். அதற்குள் வீட்டுக்கார அக்கா வந்துவிட்டார். நான் படம் எடுத்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “யாருகிட்டயும் சொல்லிராத தாயி. நகையை வச்சு வானம் தோண்டியிருக்கோம். ஆபீசுலேர்ந்து வந்தாக்க வேலையை நிறுத்திப்புடுவாக.”

எடுத்த படத்தை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். ஓட்டைத் திரும்பக் குழியில் வைத்தேன். மறுவாரம் அதன்மேல் கான்கிரீட் விழுந்திருக்கும். கையோடு கொண்டு வந்திருந்தால் அது திருட்டா, அங்கேயே வைத்துவிட்டு வந்தது நல்ல காரியமா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. திரும்பி வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஒரு சட்டி ஓட்டுக்கு யார் பத்து ரூபாய் தருவார்கள்? தங்கத்தை நினைத்து வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், எங்கள் ஊர்ப் பக்கத்து ஓட்டுக்கு ஒரு வழியும் சொல்லவில்லை.

அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அரசாங்கத்திடமிருந்து வந்து சேர்ந்திருக்கும் ஒரே செய்தி பயம். வேலை நிற்கும், பட்டா சிக்கலாகும், அலைய வேண்டியிருக்கும் என்ற பயம். அப்படி யாராவது நிறுத்தினார்களா என்று கேட்டேன். “தெரியல, அப்படித்தான் சொல்றாக” என்றார். நீங்கள் ஒன்றும் சொல்லாத இடத்தில் வதந்தி புகுந்துகொண்டது. இதற்குப் பயந்து எத்தனை வானத்துக்குள் என்னென்ன போய்விட்டதோ.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பதிலிலிருந்து என் கோரிக்கையைத் தப்பாகப் புரிந்துகொண்டதாகத் தெரிகிறது. குழிகளை மூடியது தவறு என்று நான் எழுதவே இல்லை. தோண்டி முடித்த குழியைத் திறந்து போட்டால் ஒரு ஐப்பசி மழைக்குச் சுவர் சரியும், ஆடு விழும், வெயிலில் செங்கல் பொரியும். மண்ணைப் போட்டு மூடுவதுதான் அதற்குப் பாதுகாப்பு என்று எங்கள் பேராசிரியரும் சொன்னார். நான் கேட்டது, மண்ணை மூடியவர்கள் விஷயத்தையும் ஏன் சேர்த்து மூடினீர்கள் என்று.

ராமநாதபுரத்தில் 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் அமையும் என்று 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது வகுப்பில் முதலில் கைதட்டியது நான்தான். அது வரட்டும், நன்றாக வரட்டும். ஆனால் அருங்காட்சியகத்தைக் காரணம் காட்டி இந்தச் சின்ன வேலைகளைத் தள்ளிப்போட வேண்டாம். கண்ணாடிப் பெட்டி தயாராகும்வரை வானம் தோண்டுகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள். இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் தொன்மை மன்றம் வைத்துப் பிள்ளைகள் ஓடு பொறுக்குகிறார்கள், கல்வெட்டுப் படிக்கப் பழகுகிறார்கள். ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை.

ஆகவே கேட்கிறேன்.

கோட்டைமேட்டில் ஒரு பலகை வையுங்கள். வளைவும் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். என்றைக்குத் தோண்டினார்கள், என்ன கிடைத்தது, அது இப்போது எங்கே இருக்கிறது, குழியை ஏன் மூடினார்கள் என்று தமிழில் எழுதி, அந்தக் கப்பல் ஓட்டின் படத்தையும் பெரிதாகப் போடுங்கள். பெரியபட்டினத்துக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும்.

இந்த இரண்டு ஊருக்கும் பொறுப்பாக ஓர் ஆளைச் சொல்லுங்கள். கிடைத்த ஓட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம், தகவல் சொல்ல ஒரு தொலைபேசி எண். கொடுத்தவருக்குக் கைப்பட ஒரு ரசீது.

வீடு கட்டுகிறவர்களுக்கு எழுத்தில் ஓர் உறுதி கொடுங்கள். ஓடு வந்தால் சொல்லுங்கள், ஒரு வாரத்துக்குள் வந்து பார்த்துப் பதிவு செய்துகொண்டு போய்விடுவோம், அதற்குமேல் வேலை நிற்காது என்று. ஒரு வாரம் முடியாதென்றால் எத்தனை நாள் முடியும் என்று நீங்களே சொல்லுங்கள். அதை அச்சடித்து ஊராட்சி அலுவலகத்திலும், சிமெண்ட் கம்பி விற்கும் கடைகளிலும் ஒட்டுங்கள். கொத்தனார்களை ஒரு நாள் கூப்பிட்டு, எந்த ஓட்டைக் கண்டால் கையை நிறுத்த வேண்டும் என்று காட்டுங்கள். அன்றைய கூலியையும் கொடுங்கள். கூலி இல்லாமல் யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது.

அழகன்குளத்துப் பள்ளியில் ஓர் அலமாரி. அசல் தர முடியாதென்றால் நகல் போதும். திறப்பதற்கு அந்தக் கூடை சுமந்த பெரியவரைக் கூப்பிட்டால் சந்தோஷப்படுவேன்.

ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் ஒரு வரைபடம். அரண்மனை, அழகன்குளம், பெரியபட்டினம், எந்த பஸ், எத்தனை மணிக்கு. நேரக்காப்பாளர் அறைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினால் நல்லது.

கடைசியாக, என் மனுவை மறுபடியும் திறந்து, இரண்டாம் பக்கத்தையும் படித்துவிட்டு, மேலே கேட்டவற்றில் எது முடியும், எது முடியாது, ஏன் முடியாது என்று முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். மனு எண் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவி,
பெரியபட்டினம்